விம்பிள்டன்: கிளப்பைக் கொண்டுபோனார்கள், ரசிகர்கள் கூடப் போகவில்லை

2002 மே 28ஆம் தேதி லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த மூவர் குழுவில் இரண்டு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. 1889இல் தொடங்கிய விம்பிள்டன் எஃப்.சி. தன் ஊரை விட்டு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் குடிபோகலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. கிளப் வீடு மாறுவது புதிதல்ல. அர்செனல்கூட 1913இல் தேம்ஸ் நதியைத் தாண்டி வடக்கு லண்டனுக்குப் போன கிளப்தான். ஆனால் ஒரு லீக் கிளப் தன் ஊரையே கைவிட்டு, தொடர்பே இல்லாத வேறொரு நகரத்துக்குப் போவதை நவீன இங்கிலாந்து கால்பந்து அதுவரை பார்த்ததில்லை.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு பாசக் கதையாகச் சொல்வார்கள். ரசிகர்கள் அழுதார்கள், புதுக் கிளப் ஆரம்பித்தார்கள், ஜெயித்தார்கள், சுபம். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் விம்பிள்டன் தொலைந்தது நிலப் பத்திரத்தில். திரும்பக் கிடைத்ததும் பங்குப் பத்திரம், உறுப்பினர் வாக்கு, நகராட்சி அனுமதி வழியாகத்தான். பாசம் அந்தக் காகிதங்களில் கையெழுத்துப் போட ஆள் சேர்த்தது. இந்த ஆய்வு அந்தக் காகிதங்களைப் பற்றியது.

டென்னிஸ் ஊரின் இன்னொரு ஆட்டம்

விம்பிள்டன் என்றதும் நமக்கு வெள்ளை உடை, புல்தரை, ஜூலை மாதம். அந்த டென்னிஸ் மைதானத்திலிருந்து சற்றுத் தள்ளி, வாண்டில் என்ற சிற்றாற்றை ஒட்டி, பிளவ் லேன் என்ற சாலை இருக்கிறது. 1912 முதல் விம்பிள்டன் கால்பந்து கிளப்பின் வீடு அதுதான். ரொம்ப காலம் அது சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் கிளப். 1963இல் அமெச்சூர் கோப்பை இறுதிப் போட்டியில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வென்றபோது, நான்கு கோலையும் எடி ரெனால்ட்ஸ் ஒருவரே அடித்தார். நான்குமே தலையால் முட்டியவை.

வெளியுலகம் இவர்களைக் கவனித்தது 1975இல். நான்கு டிவிஷன் கொண்ட தேசிய லீக்கிலேயே இல்லாத அணி, எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியில், அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆடிய பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தது. அடுத்து லீட்ஸ் யுனைடெட்டின் எலண்ட் ரோட்டில் கோல் இல்லாத டிரா. பீட்டர் லோரிமரின் பந்து புயல் மாதிரி வரும் என்பார்கள். அவர் அடித்த பெனால்டியை டிக்கி கை என்ற கோல்கீப்பர் தடுத்தார். மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றாலும் பெயர் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் லீக்கில் நுழைய வெற்றி மட்டும் போதாது. மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்க்க வேண்டும். 1977இல் வொர்க்கிங்டனை வெளியே அனுப்பி விம்பிள்டனை உள்ளே எடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததை இன்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். மூன்றாம், நான்காம் டிவிஷன்களுக்கு இடையே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த கிளப், 1983இல் நான்காம் டிவிஷன் சாம்பியன், 1984இல் மூன்றாம் டிவிஷனைத் தாண்டியது, 1986இல் முதல் டிவிஷனுக்கே வந்துவிட்டது. லீக்கில் சேர்ந்து ஒன்பதே ஆண்டுகள். பயிற்சியாளர் டேவ் பாசெட். பந்தை உயரத் தூக்கி அடி, விரட்டிப் பிடி, எதிராளியை நிம்மதியாக விடாதே. அவ்வளவுதான் தத்துவம். கட்டடங்களில் செங்கல் சுமந்துகொண்டிருந்த வின்னி ஜோன்ஸ் இங்கே வந்து முதல் டிவிஷன் வீரரானார். 'கிரேசி கேங்' என்று பெயர். புதிதாக வருபவரின் உடைக்குத் தீ வைப்பதெல்லாம் அவர்களுக்கு வரவேற்பு விழா. விம்பிள்டன் ஆட்டத்தைப் பார்க்க டிவியின் எழுத்துச் செய்திப் பக்கம் போதும் என்று கேரி லினேக்கர் கிண்டலடித்தார். எனக்கும் அந்த ஆட்டம் அழகு என்று சொல்ல மனம் வராது. ஆனால் காசில்லாத கிளப் பணக்காரக் கிளப்போடு மோத வேறு என்ன வழி இருந்தது?

1988 மே 14, லண்டனின் வெம்ப்ளி மைதானம். 98,203 பேர் முன்னால் லிவர்பூலோடு எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. லாரி சான்செஸ் தலையால் ஒரு கோல். இரண்டாம் பாதியில் ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் நடந்த கோப்பை இறுதிப் போட்டிகளில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. 1-0. வெம்ப்ளியில் கேப்டனாக இருந்து அந்தக் கோப்பையை வாங்கிய முதல் கோல்கீப்பரும் பீசன்ட்தான்.

நிலம் கைவிட்டுப் போனது

கோப்பை வென்று ஒரு வருடத்தில் ஹில்ஸ்பரோ விபத்து. நெரிசலில் 97 உயிர்கள் போயின. அதையடுத்து வந்த டெய்லர் அறிக்கை, மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது. பெரும்பாலும் நின்று பார்க்கும் மைதானமான பிளவ் லேனை அந்த அளவுக்கு மாற்றக் கட்டாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. 1991இல் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் போனார்கள்.

எல்லாம் இங்கேதான் திரும்புகிறது. பிளவ் லேன் நிலத்தை விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று, விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சிக்குச் சாதகமாக ஒரு நிபந்தனை இருந்தது. உரிமையாளர் சாம் ஹமாம் பணம் கொடுத்து அதை நீக்கிக்கொண்டார். லெபனானிலிருந்து வந்த தொழிலதிபரான இவர்தான் கிளப்பின் பொற்காலத்துக்கும் உரிமையாளர், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நிபந்தனை போனதும் மைதானம் விற்கக்கூடிய மனையாகிவிட்டது. 1997இல் கிளப்பை ஷெல் இங்கே ரோக்கே, பியோன் ரூனே யெல்ஸ்டன் என்ற இரண்டு நார்வே பணக்காரர்களுக்கு விற்றார். 1998இல் பிளவ் லேன் நிலம் சேஃப்வே சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்குப் போனது. கிளப் ஒருவரிடம், நிலம் இன்னொருவரிடம். கட்டடம் 2002இல் இடிக்கப்பட்டது. சூப்பர்மார்க்கெட் வரவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்புதான் வந்தது. அதன் பெயர் ரெனால்ட்ஸ் கேட். நான்கு கோல் முட்டிய அதே ரெனால்ட்ஸ்.

சொந்த வீடு இல்லாமலும் களத்தில் விம்பிள்டன் சோடை போகவில்லை. 1992இல் முதல் டிவிஷனுக்குப் பதிலாகப் பிரீமியர் லீக் பிறந்தபோது உள்ளே இருந்த 22 கிளப்புகளில் இதுவும் ஒன்று. 1994இல் 6ஆம் இடம். 1997இல் எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை இரண்டிலும் அரையிறுதி. கூட்டம்தான் வரவில்லை. 1993 ஜனவரியில் எவர்ட்டனோடு நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,039 பேர். பிரீமியர் லீக் வரலாற்றிலேயே, கொரோனா காலத்தை விட்டுவிட்டால், ஆகக் குறைந்த கூட்டம். வேறொருவர் வீட்டில், வேறொருவர் நிறத்தில் பூசிய இருக்கைகளில் உட்கார எத்தனை பேர் வருவார்கள்? இதற்கிடையில் கிளப்பை டப்ளினுக்கே கொண்டுபோகலாம் என்ற யோசனையும் ஓடியது. அயர்லாந்து கால்பந்து சங்கம் கடுமையாக எதிர்த்ததால் நின்றது. 2000 மே 14, கோப்பை வென்ற அதே தேதி, பன்னிரண்டு ஆண்டு கழித்து, சவுத்தாம்ப்டனிடம் 2-0 தோல்வி. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினார்கள்.

மில்டன் கீன்ஸ் கணக்கு

மில்டன் கீன்ஸ் 1967இல் அரசு திட்டமிட்டு உருவாக்கிய புதுநகரம். வேகமாக வளர்ந்த ஊர், ஆனால் லீக் கிளப் இல்லை. எண்பதுகளில் லூட்டன் டவுன் அங்கே போகப் பார்த்து, ரசிகர் எதிர்ப்பால் கைவிட்டது. இசைத் துறையிலிருந்து வந்த பீட் விங்கிள்மன் புது மைதானத் திட்டத்தோடு கிளம்பினார். பக்கத்தில் ஆஸ்டா, ஐகியா கடைகள் வரும், அந்த வருமானம் மைதானத்தைத் தாங்கும். ஆனால் பெரிய மைதானத்துக்குப் பெரிய கிளப் வேண்டும். உள்ளூரில் கீழ்மட்ட அணி ஒன்றை வளர்த்து மேலே கொண்டுவர எத்தனை காலம் ஆகும் என்று யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. பல கிளப்புகளின் கதவைத் தட்டினார். விம்பிள்டன் திறந்தது.

2001 ஆகஸ்ட் 2ஆம் தேதி, தலைவர் சார்லஸ் கோப்பல் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதி விஷயத்தைச் சொன்னார். லீக் நிர்வாகம் முதலில் மறுத்தது. மேல்முறையீடு நடந்து, கடைசியில் விவகாரம் அந்த மூவர் குழுவிடம் வந்தது. குழுவின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. கிளப் நஷ்டத்தில் ஓடுகிறது, சொந்த மைதானம் இல்லை, லண்டனுக்குள் இடம் கிடைப்பது கடினம், போகாவிட்டால் செத்துவிடும் என்று சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த அறிக்கையிலேயே இன்னொரு வரியும் இருந்தது. ரசிகர்கள் அடிமட்டத்திலிருந்து புதிய விம்பிள்டன் ஒன்றைத் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற கருத்து. குழு செய்த பெரிய பிழை அனுமதி கொடுத்தது அல்ல, இந்த வரி என்பது என் எண்ணம். கேட்காத கேள்விக்கு, தெரியாத எதிர்காலத்துக்கு, பதில் சொல்லிவிட்டார்கள்.

ஆறு வாரத்தில் ஒரு அணி

தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், மே 30, விம்பிள்டன் சமூகக் கூடத்தில் ரசிகர் கூட்டம். இன்னும் வழக்குப் போடலாமா, போராடலாமா என்று பேச்சு ஓடியது. கிரிஸ் ஸ்டூவர்ட் எழுந்து, போராடிப் போராடி அலுத்துவிட்டது, எனக்குக் கால்பந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்தது. முதல் தலைவரும் அவரே. கூடவே நின்றவர்களில் ஐவர் ஹெல்லர், மார்க் ஜோன்ஸ், டிரெவர் வில்லியம்ஸ் என்ற பெயர்களை இன்றும் ரசிகர்கள் சொல்வார்கள்.

இது ஒரே கூட்டத்தில் முளைத்ததுபோலத் தோன்றும், ஆனால் அடித்தளம் முன்பே இருந்தது. விம்பிள்டன் ரசிகர் சங்கம் 1995 முதலே இயங்கிவந்தது. டான்ஸ் டிரஸ்ட் ('டான்ஸ்' என்பது கிளப்பின் செல்லப்பெயர்) என்ற ரசிகர் கூட்டுறவு அமைப்பும் 2002 தொடக்கத்திலேயே பதிவாகியிருந்தது. பணம் சேர்க்க வங்கிக் கணக்கு, முடிவெடுக்க விதிமுறை, ஆட்களின் முகவரிப் பட்டியல் எல்லாம் தயார். வேறு பல ஊர்களில் இதே மாதிரி கோபம் வந்தும் ஒன்றும் நடக்காமல் போனதற்கு, கோபம் வரும்போது இந்த மூன்றும் கையில் இல்லாததே காரணம்.

ஜூன் 29ஆம் தேதி விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் ஆள் தேர்வு. விளம்பரத்தைப் பார்த்து 230 பேர் வந்தார்கள். ஜூலை 10ஆம் தேதி சட்டன் யுனைடெட்டோடு நட்பு ஆட்டம். 4-0 என்று தோல்வி, பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். ஆகஸ்ட் 17ஆம் தேதி கம்பைன்ட் கவுண்டீஸ் லீக்கில் முதல் ஆட்டம், சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் என்ற குட்டிக் கிளப்பின் மைதானத்தில். அங்கே 2,449 பேர் திரண்டார்கள். 2-1 வெற்றி.

அதே பருவத்தில் பழைய விம்பிள்டன் எஃப்.சி. இரண்டாம் நிலை லீக்கில், இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கிலேயே ஆடிக்கொண்டிருந்தது. மில்டன் கீன்ஸில் இடம் தயாராகவில்லை. அக்டோபரில் ராதரமோடு ஆடியபோது கூட்டம் 849 பேர். ஏழு டிவிஷன் கீழே இருந்த புதுக் கிளப்புக்கு மூவாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். உரிமம் ஒரு பக்கம், ஊர் இன்னொரு பக்கம். இதைவிடத் தெளிவான பரிசோதனையை யாரும் வேண்டுமென்றே அமைத்திருக்க முடியாது.

கீழிருந்து மேலே

அடுத்த ஒன்பது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்கள் தோல்வியே இல்லை. இங்கிலாந்து கால்பந்தில் சாதனை. 2004, 2005, 2008, 2009 என்று அடுத்தடுத்து மேலேறினார்கள்.

நடுவில் வந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2006-07 பருவத்தில் ஜெர்மெய்ன் டார்லிங்டன் என்ற வீரரைச் சேர்த்தார்கள். பழைய விம்பிள்டனுக்கே ஆடியவர். ஆனால் கடைசியாக ஆடியது கார்டிஃப் சிட்டிக்கு. கார்டிஃப் வேல்ஸில் இருக்கிறது, அதன் பதிவு வேல்ஸ் சங்கத்திடம். எனவே அவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர் கணக்கு, சர்வதேசச் சான்று தேவை. அது இல்லாமல் களமிறக்கியதற்கு 18 புள்ளிகள் வெட்டு. கார்டிஃப் ஆடுவதோ இங்கிலாந்து லீக்கில்! மேல்முறையீட்டில் அதை 3 புள்ளியாகக் குறைத்தார்கள். தன்னார்வலர்களை வைத்து ஓடும் கிளப் எங்கே சறுக்கும் என்றால் இந்த மாதிரிக் காகிதத்தில்தான்.

தன்னார்வலர் என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற கணக்காளர் எரிக் சாமுவேல்சன் பல ஆண்டுகள் தலைமை நிர்வாகியாக இருந்தார். ஆண்டுச் சம்பளம் ஒரு கினி, அதாவது 1 பவுண்டு 5 பென்ஸ். டிக்கி கை கிளப்பின் கௌரவத் தலைவரானார்.

2011 மே 21ஆம் தேதி, மான்செஸ்டரில், லூட்டன் டவுனோடு, லீக்குக்குள் நுழைவது யார் என்று முடிவு செய்யும் பிளேஆஃப் இறுதி. வேடிக்கை பாருங்கள், மில்டன் கீன்ஸுக்குப் போகாமல் தப்பிய அதே லூட்டன். கோல் இல்லை. பெனால்டியில் செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார், கேப்டன் டேனி கெட்வெல் கடைசிப் பந்தை வலைக்குள் அடித்தார். 4-3. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து உயர்வு. பயிற்சியாளர் டெர்ரி பிரவுன். லீக்கில் சேர்ந்து உச்சிக்குப் போகப் பழைய கிளப் எடுத்துக்கொண்ட அதே ஒன்பது ஆண்டுகளில், புதுக் கிளப் திடலிலிருந்து லீக்குக்கு வந்தது. அடிமட்டத்திலிருந்து வளர்க்கக் காத்திருக்க முடியாது என்று சொன்ன மில்டன் கீன்ஸ் திட்டக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு பதில் சொல்கிறது.

கிங்ஸ்டோனியன் என்ற முள்

இந்தக் கதையில் விம்பிள்டன் ரசிகர்கள் விரும்பிப் பேசாத ஒரு பகுதி உண்டு. புதுக் கிளப்புக்கு ஆட மைதானம் தேவைப்பட்டபோது, பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ இருந்தது. அது கிங்ஸ்டோனியன் என்ற பழைய கிளப்பின் வீடு. கிங்ஸ்டோனியன் அப்போது கடனில் மூழ்கி, மைதானக் குத்தகை தனியார் கைக்குப் போயிருந்தது. 2003இல் ரசிகர்களிடம் பங்கு விற்று 10 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அந்தக் குத்தகையை வாங்கியது. கிங்ஸ்டோனியன் தன் சொந்த மைதானத்திலேயே குடியிருப்பவர் ஆனது. விம்பிள்டன் நியாயமாகத்தான் நடந்துகொண்டது, வாடகையில் கறாராக இல்லை.

ஆனால் பிளவ் லேனுக்குத் திரும்பப் பணம் தேவைப்பட்டபோது, கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றார்கள். 2017இல் செல்சி பெண்கள் அணி அங்கே ஆடத் தொடங்கியது. கிங்ஸ்டோனியன் 2017இல் வெளியேறி, ஊர் ஊராக மற்ற கிளப்புகளின் மைதானத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கிங்ஸ்டோனியனைத் திவாலாக்கியது விம்பிள்டன் அல்ல. விற்காமல் இருந்திருந்தால் சொந்த ஊர் திரும்பியே இருக்க முடியாது என்பதும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகும், வீடிழந்தவர்கள் வீடு தேடிய வழியில் இன்னொரு கிளப் வீடிழந்தது என்பது கணக்கில் நிற்கிறது. ரசிகர் கையில் உள்ள கிளப் என்றால் எல்லா முடிவும் தானாகவே அறமாகிவிடும் என்று நம்புபவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பிளவ் லேனுக்குத் திரும்பும் பாதை

பழைய மைதானத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் நாய்ப் பந்தய மைதானம் ஒன்று இருந்தது. லண்டனில் அந்தப் பந்தயத்தின் மவுசு குறைந்துகொண்டே வர, நிலத்தை வைத்திருந்தவர்கள் குடியிருப்புக் கட்ட நினைத்தார்கள். கட்டட நிறுவனம் வீடுகளைக் கட்டும், அந்த ஒப்பந்தத்தின் பகுதியாக நடுவில் கால்பந்து மைதானத்துக்கும் இடம் ஒதுக்கும். 2015 டிசம்பரில் மெர்ட்டன் நகராட்சி அனுமதி கொடுத்தது. 2016 மார்ச்சில் லண்டன் மேயர் போரிஸ் ஜான்சன் விண்ணப்பத்தைத் தன் முடிவுக்கு எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த சாதிக் கான் அதை நகராட்சிக்கே திருப்பி அனுப்பினார். ஒரு தேர்தல் நடுவில் வந்ததால் தப்பிய மைதானம் என்றும் சொல்லலாம்.

2019 இறுதியில் நெருக்கடி. கட்டி முடிக்கப் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளர்களுக்குப் பங்கு கொடுத்தால் தீரும், ஆனால் கிளப்பைச் சொந்தமாக வைத்திருக்கும் டான்ஸ் டிரஸ்டின் பிடி தளரும். அப்போது சில ரசிகர்கள் 'பிளவ் லேன் பாண்ட்' என்ற கடன் பத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். 5, 10, 20 ஆண்டு என்று தவணை. வட்டியே வேண்டாம் என்பதில் தொடங்கி 4 சதவீதம் வரை, வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம். சில மாதங்களில் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பெரும்பான்மை உரிமை ரசிகர் கையிலேயே தங்கியது.

2020 நவம்பர் 3ஆம் தேதி, 29 ஆண்டுகளுக்குப் பிறகு பிளவ் லேனில் ஆட்டம். டான்காஸ்டரோடு 2-2. கொரோனா கட்டுப்பாட்டால் உள்ளே ஒரு ரசிகரும் இல்லை. பத்திரம் வாங்கிய அத்தனை பேரும் வீட்டில் திரையில் பார்த்தார்கள். அதே கொரோனாவின் தொடக்க மாதங்களில் ரசிகர்கள் கூடி டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கி, சுற்றுவட்டாரத்தில் தேவைப்பட்டவர்களுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். நெருக்கடி தணிந்த பிறகும் அது நிற்கவில்லை. முகவரிப் பட்டியலும் வேன் ஓட்டத் தயாரான ஆட்களும் உள்ள எந்த அமைப்பும் இதைச் செய்யலாம். அப்படிப்பட்ட அமைப்புகள் குறைவு, அதுதான் விஷயம்.

எதிரணி

மில்டன் கீன்ஸ் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய கிளப் 2003இல் அங்கே போய்ச் சேரும் முன்பே திவால் நிர்வாகத்தில் விழுந்தது. 2004இல் எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாறியது. 2007இல் ஒரு உடன்பாட்டின்படி, விம்பிள்டன் காலத்துக் கோப்பைகளும் வரலாறும் தங்களுடையது அல்ல என்று ஏற்று, அவற்றை மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 30,000 பேர் அமரும் நல்ல மைதானம் கட்டினார்கள். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய டெலி அலி அங்கே வளர்ந்தவர். 2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று நொறுக்கினார்கள். அங்கே கால்பந்து பார்க்கத் தொடங்கிய ஒரு பத்து வயதுப் பையனுக்கு 2002 தீர்ப்பில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் 'டான்ஸ்' என்ற பெயரை மட்டும் விடவில்லை. அது விம்பிள்டனின் செல்லப்பெயர். மற்றதையெல்லாம் மன்னித்த ரசிகர்களும் இதில் மசியவில்லை.

இரண்டு கிளப்பும் முதன்முதலில் மோதியது 2012 டிசம்பர் 2ஆம் தேதி, எஃப்.ஏ. கோப்பையில். இஞ்சுரி டைமில் ஜான் ஒட்செமொபோ குதிகாலால் தொட்ட பந்து மெல்ல வளைந்து உள்ளே போக, எம்.கே. 2-1. 2014 அக்டோபரில் விம்பிள்டன் அதே மைதானத்தில் 3-2 என்று வென்றது. 2016இல் பிளிமத்தை வெம்ப்ளியில் 2-0 என்று வென்று விம்பிள்டன் மூன்றாம் நிலைக்கு ஏறியது, அதே பருவத்தில் எம்.கே. மேலிருந்து அதே நிலைக்கு இறங்கியது. ஒரே டிவிஷன்! வீட்டு ஆட்டத்தில் ஸ்கோர்போர்டில் எதிரணியின் முழுப் பெயரைப் போட விம்பிள்டன் மறுத்தது, லீக்கின் ஒழுங்கு நடவடிக்கை வரை விவகாரம் போனது. சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். இருக்கட்டும். 2018இல் எம்.கே. கீழே இறங்க, விம்பிள்டன் மேலே தங்கியது.

இப்போது

ரசிகர் உரிமைக்கு விலை உண்டு. 2022இல் விம்பிள்டன் நான்காம் நிலைக்கு இறங்கியது. 9,000 சொச்சம் பேர் அமரும் மைதானம், பணக்கார முதலாளி இல்லை. நல்ல வீரர் வளர்ந்தால் விற்றாக வேண்டும். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013இல் கிளப்பைக் காப்பாற்றி வாங்கினார்கள், 2017இல் அவர்களே ஓட்டுப் போட்டு டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய மைதானத்தைப் பழுது பார்க்க ரசிகர் சந்தா போதாது. விம்பிள்டனில் அந்தக் கேள்வி ஓயவில்லை. மேலே போக ஆசையா, நம் கையிலேயே இருக்க ஆசையா என்று டிரஸ்ட் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு, எத்தனை பவுண்டு போட்டிருந்தாலும்.

2024 செப்டம்பரில் கனமழை. வாண்டில் ஆறு கரை தாண்டி மைதானத்துக்குள் வந்தது. புல்தரையின் ஒரு மூலையில் பெரிய பள்ளம் விழுந்தது. நியூகாசிலோடு இங்கே நடக்க வேண்டிய லீக் கோப்பை ஆட்டம் அவர்கள் ஊருக்கு மாறியது, விம்பிள்டன் 1-0 என்று தோற்றது. ஒரு ரசிகர் இணையத்தில் தொடங்கிய நன்கொடை 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது. நிலத்தை ஆற்றோரமாக வாங்கினால் ஆறும் பங்குதாரர்தான்.

அந்தப் பருவத்தின் முடிவில், 2025 மே 26ஆம் தேதி, பயிற்சியாளர் ஜானி ஜாக்சனின் அணி வெம்ப்ளி பிளேஆஃப் இறுதியில் வால்சாலை 1-0 என்று வென்று மூன்றாம் நிலைக்குத் திரும்பியது. கோல் மைல்ஸ் ஹிப்போலைட்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. அரசு ஏற்படுத்தும் சுயாதீனக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் இல்லாமல் இனி ஒரு கிளப் தன் மைதானத்தை விற்கவோ, ஊரை மாற்றவோ முடியாது. சின்னம், சீருடை நிறம் போன்றவற்றிலும் ரசிகர் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஹமாம் பணம் கொடுத்து நீக்கிக்கொண்ட அந்த நகராட்சி நிபந்தனை செய்த வேலையை, இப்போது நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் செய்யப் பார்க்கிறது. கோப்பல் 2001இல் எழுதிய கடிதத்தை இன்று எழுத நினைப்பவர் முதலில் போய் நிற்க வேண்டியது அந்தக் கட்டுப்பாட்டாளர் முன்னால். அங்கே நிதிக் கணக்கோடு ரசிகர்களின் பாதிப்பும் எடை போடப்படும். மூவர் குழு அன்று எடை போட்டது பெரும்பாலும் முதலாவதை மட்டுமே.